'பை' மட்டும் போதாது: ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் அதன் வால் சொற்களும்

செயப்பாட்டு வினை என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரு வாய்பாடு. செயப்படுபொருளை முன்னால் கொண்டு வா, 'வாஸ்' சேர், கடைசியில் 'பை' போட்டு ஆளின் பெயரை எழுது. தேர்வுக்கு அது போதும். ஆனால் அன்றாட ஆங்கிலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: 'ஐ ஆம் வொர்ரீடு அபவுட் ஹிம்', 'ஷி இஸ் இன்ட்ரெஸ்டட் இன் மியூசிக்', 'தி ரூம் இஸ் ஃபில்டு வித் ஸ்மோக்'. மூன்றும் செயப்பாட்டு வடிவம்தான். ஒன்றில்கூட 'பை' இல்லை.

வினைக்குப் பின்னால் வால் போல வரும் இந்த 'அபவுட்', 'இன்', 'வித்' போன்ற சொற்களைத்தான், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ப்ரெபொசிஷன்களைத்தான், இங்கே பார்க்கப் போகிறோம்.

படி 1: அமைப்பைப் பிடியுங்கள்

முதலில் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' இவற்றில் ஒன்று. அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். அப்புறம் ப்ரெபொசிஷன், கடைசியில் பெயர்ச்சொல். காலம் மாறினால் முதல் சொல் மட்டும் மாறும்: 'ஷி இஸ் இன்ட்ரெஸ்டட் இன்', 'ஷி வாஸ் இன்ட்ரெஸ்டட் இன்'. மீதி அப்படியே இருக்கும். அதனால் 'இன்ட்ரெஸ்டட் இன்' என்பதை ஒட்டிப் பிறந்த ஒரே துண்டாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நம் 'ஆல்' உருபைப் பிரித்துப் பாருங்கள்

தமிழர்கள் எல்லா இடத்திலும் 'பை' போடுவதற்குக் காரணம் நம் மூன்றாம் வேற்றுமைதான் என்பது என் கருத்து. 'அக்காவால் எழுதப்பட்டது', 'கத்தியால் வெட்டப்பட்டது', 'மரத்தால் செய்யப்பட்டது', 'பனியால் மூடப்பட்டது' என்று நான்கிலும் நமக்கு ஒரே 'ஆல்'. ஆங்கிலம் இதைப் பிரித்துக் கொடுக்கிறது.

செய்தவர் என்றால் 'பை': 'தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை மை சிஸ்டர்'. செய்தது ஆளாக இருக்க வேண்டியதில்லை. காற்று மரத்தைச் சாய்த்தாலும் 'பை தி விண்ட்'தான், ஏனென்றால் அந்த வேலையைச் செய்தது காற்றே.

கருவி என்றால் 'வித்': 'தி ரோப் வாஸ் கட் வித் எ நைஃப்'. கத்தி தானாக வெட்டாது, பின்னால் ஒரு கை இருக்கிறது. செய்தது யார், எதைக் கொண்டு செய்தார் என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் வந்தால் 'பை', இரண்டாவதற்கு வந்தால் 'வித்'.

செய்பொருள் என்றால் 'ஆஃப்' அல்லது 'ஃப்ரம்'. பொருள் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் 'ஆஃப்': 'தி டேபிள் இஸ் மேட் ஆஃப் உட்'. முற்றிலும் உருமாறிப் போயிருந்தால் 'ஃப்ரம்': 'பேப்பர் இஸ் மேட் ஃப்ரம் உட்'. மேசையில் மரம் கண்ணுக்குத் தெரிகிறது, காகிதத்தில் தெரியவில்லை.

நிறைந்திருப்பது, மூடியிருப்பது போன்ற நிலைகளுக்குப் பெரும்பாலும் 'வித்': 'ஃபில்டு வித் வாட்டர்', 'கவர்டு வித் ஸ்னோ'. 'கவர்டு இன் ஸ்னோ' என்பதும் சரியே.

படி 3: உணர்ச்சிகள்

பேச்சில் அதிகம் தேவைப்படுவது இந்தப் பகுதி. தமிழில் 'எனக்கு' என்று தொடங்குவோம்: எனக்குப் பயம், எனக்கு ஆர்வம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' என்று தொடங்க வேண்டும். நாயிடம் பயம் என்றால் 'ஸ்கேர்டு ஆஃப் டாக்ஸ்'. முடிவில் திருப்தி என்றால் 'சாட்டிஸ்ஃபைடு வித் தி ரிசல்ட்'. ஒருவரைப் பற்றிய கவலைக்கு 'வொர்ரீடு அபவுட்'. 'சர்ப்ரைஸ்டு' என்ற சொல்லுக்கு 'அட்', 'பை' இரண்டும் வரும். எதைச் சொன்னாலும் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை: 'ஐ ஆம் போர்டு' என்றால் எனக்குச் சலிப்பு. 'ஐ ஆம் போரிங்' என்றால் நான் பிறருக்குச் சலிப்பூட்டுகிற ஆள்!

படி 4: வால் மாறினால் பொருளும் மாறும்

'நோன்' என்ற ஒரு சொல் போதும் இதைக் காட்ட. 'நோன் ஃபார் ஹெர் வாய்ஸ்' என்றால் குரலுக்காகப் பெயர் பெற்றவர். 'நோன் அஸ் எ சிங்கர்' என்றால் பாடகி என்று அறியப்படுபவர். 'நோன் டு தி போலீஸ்' என்றால் போலீசுக்குத் தெரிந்த ஆள். பெரும்பாலும் நல்ல விதமாகச் சொல்வதில்லை. ஒரே வினைதான், ஆனால் மூன்று வேறு சேதி.

'டயர்டு' என்பதும் இப்படித்தான். 'டயர்டு ஃப்ரம் தி வாக்' என்றால் நடந்த களைப்பு. 'டயர்டு ஆஃப் வாக்கிங்' என்றால் நடந்து நடந்து அலுத்துப் போச்சு. முதலாவது உடம்புக்கு, இரண்டாவது மனசுக்கு.

படி 5: பின்னால் வினை வந்தால் 'இங்'

ப்ரெபொசிஷனுக்கு அடுத்து வினை வந்தால் அது 'இங்' வடிவம் எடுக்கும்: 'இன்ட்ரெஸ்டட் இன் லேர்னிங்', 'டயர்டு ஆஃப் வெயிட்டிங்'. இதில் நிறைய பேர் தடுக்கி விழும் இடம் 'யூஸ்டு டு'. 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி' என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்டு டு கெட் அப் ஏர்லி' என்றால் முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. முன்னால் 'ஆம்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'இங்' கட்டாயம்.

படி 6: வினையோடு ஒட்டிய சொல்லை விட்டுவிடாதீர்கள்

'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. செயப்பாட்டுக்கு மாறும்போதும் 'ஆஃப்டர்' கூடவே வர வேண்டும்: 'தி பேபி வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்'. இரண்டு ப்ரெபொசிஷன் அடுத்தடுத்து வருவதைப் பார்த்துத் தயங்கி ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அதேபோல் 'ஹி வாஸ் லாஃப்ட் அட்' என்பதில் 'அட்' போனால் வாக்கியமே நிற்காது.

மாறாக, தேவையில்லாமல் சேர்ப்பதும் உண்டு. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வராது; 'தி மேட்டர் வாஸ் டிஸ்கஸ்ட்' என்றாலே முடிந்தது. 'ஒருவரோடு கல்யாணம்' என்று நினைத்து 'மேரீட் வித்' என்பார்கள். சரியானது 'மேரீட் டு'.

படி 7: இப்போது நீங்களே

நான்கு வாக்கியம் தருகிறேன். வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கீழே பாருங்கள்.

1. இந்தப் பெட்டி இரும்பால் ஆனது.
2. அவளுக்குச் சரித்திரத்தில் ஆர்வம்.
3. காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது.
4. அந்த நாயை என் அண்ணன் பார்த்துக்கொண்டான். ('தி டாக்' என்று தொடங்குங்கள்.)

விடைகள்:

1. 'திஸ் பாக்ஸ் இஸ் மேட் ஆஃப் அயர்ன்.'
2. 'ஷி இஸ் இன்ட்ரெஸ்டட் இன் ஹிஸ்டரி.'
3. 'ஐ ஆம் டயர்டு ஆஃப் வெயிட்டிங்.'
4. 'தி டாக் வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை மை பிரதர்.'

நான்காவதில் 'ஆஃப்டர்' விட்டுப்போயிருந்தால் ஆறாம் படியை இன்னொரு முறை படியுங்கள். முதலாவதில் 'பை' வந்திருந்தால் இரண்டாம் படி.