ஆளுகிறவர்களை ஆசீர்வதிப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

ஞாயிறு ஆராதனை. மூப்பர் ஒருவர் நீளமாக ஜெபித்து, "தேசத்தை ஆளுகிற எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று முடித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது காரணம் சொன்னார்: "அந்த ஆளுக்கு ஆசீர்வாதம் கேட்டா, அவர் பண்றதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடாதா தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் வேதத்தைப் புரட்டியபோது தோன்றியது: இந்த விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதி அந்தக் 'கையெழுத்து' என்ற எண்ணத்திலிருந்தே கிளம்புகின்றன. ஆசீர்வாதத்தை ஒப்புதல் என்று நினைக்கிறோம். அதனால் பிடிக்காதவருக்கு ஜெபிக்க மறுக்கிறோம், பிடித்தவர் என்ன செய்தாலும் வாழ்த்துகிறோம்.

தீர்க்கதரிசி எரேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தொழிலாளிகளையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அவர் புஸ்தகத்தின் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பட்டணத்தின் "சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்" என்கிறார். நம்மைக் கொள்ளையடித்தவனுடைய ஊருக்காக ஜெபமா? கடிதத்தைப் படித்தவர்களுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுததைச் சொல்லும் 137ஆம் சங்கீதத்தின், பழிவாங்கும் வெறி நிறைந்த கடைசி வசனத்தைப் படித்தால் அவர்கள் மனம் இருந்த நிலை தெரியும். சபையில் நாம் அந்த வசனத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்வோம்.

ஆனால் எரேமியாவின் கதை அந்தக் கடிதத்தோடு முடியவில்லை. அதே மனிதர் பாபிலோன் மேல் வரப்போகும் தீங்கையெல்லாம் ஒரு புஸ்தகத்தில் எழுதி, செராயா என்பவரிடம் கொடுத்து அனுப்பினார். பாபிலோனில் அதை வாசி, வாசித்து முடித்ததும் ஒரு கல்லைக் கட்டி ஐபிராத்து நதி நடுவில் எறிந்துவிடு, பாபிலோனும் இப்படியே முழுகிப்போகும் என்று சொல் என்றார் (51:59-64). ஊரின் சமாதானத்துக்கு ஜெபம், ஊரின் அநியாயத்துக்குத் தீர்ப்பு. இரண்டையும் எழுதியது ஒரே கை. அவருக்கு அதில் முரண்பாடு தெரிந்ததாக எங்கும் இல்லை.

அப்போஸ்தலன் பவுல் நிலைமையும் அப்படித்தான். "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொன்னாரே (1 தீமோ. 2:2), அந்த நிருபத்துக்குச் சபை மரபு சொல்லும் காலத்தில் ரோமில் உட்கார்ந்திருந்தவன், கிறிஸ்தவர்களை வதைத்த நீரோ. நல்ல ராஜா வந்தபிறகு ஜெபிக்கலாம் என்று பவுல் காத்திருக்கவில்லை. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதையும் அதே வசனம் சொல்லிவிடுகிறது: நாம் கலகமில்லாமல் அமைதலுள்ள வாழ்க்கை வாழ. அவன் புகழ் ஓங்க வேண்டும், ஆட்சி நீடிக்க வேண்டும் என்ற பேச்சே அங்கே இல்லை.

எல்லை எங்கே என்று கேட்டால் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப்பைக் காட்டுவேன். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோம ஆளுநர் முன் நிறுத்தப்பட்டார். இராயன், அதாவது ரோமப் பேரரசன் பேரில் சத்தியம் பண்ணு, விட்டுவிடுகிறேன் என்றான் ஆளுநர். 86 வருஷம் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்றார் கிழவர். இது எல்லாருக்கும் தெரியும். அதே விசாரணையில், தேவன் ஏற்படுத்தின அதிகாரங்களுக்குத் தகுந்த கனத்தைக் கொடுக்க எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள் என்றும் அவர் ஆளுநரிடம் சொன்னார். இதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கனம் உண்டு, இராயனைத் தெய்வமாக்கும் தூபம் கிடையாது. அதற்காக அவரை எரித்தார்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நுணுக்கமானது: ஆசீர்வதிக்கிறவன் கீழே நிற்கிறான் என்ற எண்ணம். தேர்தல் வந்தால் வேட்பாளர் ஆலயத்துக்கு வருவார், போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் யார் யாருக்கு உபகாரம் செய்வதுபோலத் தெரிகிறது என்று கவனியுங்கள். ஆதியாகமம் 47இல் வேறு ஒரு காட்சி. பஞ்சம் பிழைக்க வந்த 130 வயது யாக்கோபு, உலகத்துக்கே தானியம் விற்கும் எகிப்து ராஜா பார்வோன் முன் நிற்கிறார். உள்ளே வந்ததும் ஆசீர்வதிக்கிறார், போகும்போதும் ஆசீர்வதிக்கிறார். 'பாரக்' என்ற எபிரெயச் சொல்லுக்கு வணங்கி வாழ்த்துவது என்ற பொருளும் உண்டு, அதனால் இது வெறும் வணக்கம்தான் என்போர் இருக்கிறார்கள். இருக்கட்டும். நடுவில் வயதைக் கேட்ட பார்வோனிடம், என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்கிறார் யாக்கோபு. அரசவையில் யாரும் பேசுகிற பேச்சா இது? முகஸ்துதி இல்லை, பயமும் இல்லை. "சிறியவன் பெரியவனாலே ஆசீர்வதிக்கப்படுவான்" என்று எபிரெயர் 7:7 சொல்வதை இந்தக் காட்சியோடு சேர்த்துப் படித்தால், அந்த அறையில் பெரியவர் யார் என்று தெரிந்துவிடும்.

முகஸ்துதிக்கு உதாரணம் வேண்டுமானால் இஸ்ரவேல் ராஜா ஆகாபின் 400 தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள் (1 இராஜாக்கள் 22). போம், ஜெயம் உமக்கே என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களில் சிதேக்கியா என்பவன் இருப்புக் கொம்புகளே செய்து காட்டினான். மிகாயா ஒருவர்தான் வேறு மாதிரிச் சொன்னார், கன்னத்தில் அறையும் சிறைச்சாலையும் கிடைத்தன. ஆகாப் யுத்தத்துக்குப் போனான், செத்தான். அவனை உண்மையில் வாழவைக்கப் பார்த்தது அந்த 400 பேரா, மிகாயாவா?

சரி, இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு வசனம்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே." ஊழியரையோ தலைவரையோ யாராவது கணக்குக் கேட்டால் உடனே இது வெளியே வரும். சங்கீதம் 105ஐ இரண்டு வசனம் முன்னால் இருந்து படியுங்கள். நாடு நாடாக அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்காகத் தேவன் "ராஜாக்களைக் கடிந்துகொண்டு" சொன்ன வார்த்தை அது. அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்து, அதிகாரமில்லாதவன் மேல் கைவைக்காதே என்கிற வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல், அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்பதால் தாவீது அவன்மேல் கைவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. சவுலுக்குத் தெரியாமல் வெட்டிய அவன் சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, குகைக்கு வெளியே வந்து, ஊரறிய நியாயம் கேட்டான்.

"உன் ஜனத்தின் அதிபதியைச் சபியாமலும் இருப்பாயாக" என்ற யாத்திராகமம் 22:28க்கும் ஒரு இருட்டான வரலாறு உண்டு. நாபோத் என்பவன் ஆகாபுக்குத் திராட்சத்தோட்டத்தைத் தர மறுத்ததும், ராணி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை வைத்துச் சுமத்திய குற்றம் என்ன? தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பது. அதற்காக நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். சபிக்காதே என்பது நம் நாவுக்கு வைத்த கடிவாளம். ஆளுகிறவன் கையில் அதைக் கொடுத்தால் அவன் கல்லெறியக் கேட்பான்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. 2009இல் அமெரிக்காவில் ஒபாமாவுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லி, கீழே சங்கீதம் 109:8 என்று போட்ட கார் ஸ்டிக்கர்கள் விற்றன. "அவனுடைய நாட்கள் கொஞ்சமாவதாக" என்பது அந்த வசனம். அடுத்த வசனம் அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகவும் மனைவி விதவையாகவும் ஆகக் கேட்கிறது. ஜெபம் என்ற உறைக்குள் சாபத்தை வைத்து அனுப்புவது எந்தக் கட்சிக்காரர் செய்தாலும் ஒன்றுதான். ஒருவர் பதவி இழக்க வேண்டும் என்று நினைத்தால் ஓட்டு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது.

என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 72ஆம் சங்கீதம் போதும். ராஜாவுக்கு நியாயத்தையும் நீதியையும் கொடும் என்று தொடங்கி, ஏழையின் பிள்ளைகளை அவன் காப்பாற்ற வேண்டும், ஒடுக்குகிறவனை நொறுக்க வேண்டும் என்று கேட்கிறது. அவன் மழைபோல இறங்கிவரக் கேட்கிறது, மலைமேல் தானியம் கேட்கிறது. இதற்கு ஆமென் சொன்னால் அநியாயத்துக்குக் கையெழுத்துப் போட்டதாக ஆகாது. பெரியவரிடம் இதைத்தான் பின்னால் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம வி.ஏ.ஓ.வுக்கும் இதச் சொல்லலாமா?" என்றார். பட்டா மாற்றத்துக்காக மூன்று மாதமாக நடக்கிறாராம்.

"அதிகாரமுள்ள யாவருக்காகவும்" என்றால் அவரும் உண்டுதானே. டெல்லிக்கும் கோட்டைக்கும் ஜெபிக்கிறோம், நாம் மனு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. பெரியவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். லஞ்சம் கேட்காத மனசை அவருக்குக் கொடும், அவர் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தைக் கொடும் என்றார். திங்கட்கிழமை மனுவை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.