மைக் வாங்குவதற்கு முன்னால்: பாட்டுப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, என்ன மைக் வாங்கலாம்?" என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் பதிவு அறைக்கு வருகிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் பிள்ளைகள். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கையில் வைத்திருப்பார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். எந்த அறையில் பாடப் போகிறீர்கள்? இந்தப் பாட்டை எத்தனை நாள் பாடிப் பழகியிருக்கிறீர்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மதுரையில் இத்தனை வருடம் இந்த வேலை பார்த்ததில் நான் கண்டது இதுதான். ஒரு பதிவு நன்றாக வருவதில் முதல் பங்கு பாடுகிறவருக்கு. அடுத்தது அவர் பக்கத்தில் இருக்கும் வாத்தியம், அப்புறம் அறை, அப்புறம் மைக் வைக்கும் இடம். மைக்கின் விலை அதற்கும் பின்னால்தான் வருகிறது. பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துச் செலவு செய்கிறார்கள்.

அறையைக் கவனிக்காமல் கண்டென்சர் வாங்குவது

டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர், மூலையில் ஒரு பீரோ. நம் ஊர் வீட்டு அறைகள் அநேகமாக இப்படித்தான். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் ஓசை சுவருக்குச் சுவர் ஓடும். அந்த அறைக்குள் 48 வோல்ட் கொடுத்து இயக்கும், மெல்லிய ஓசையையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாடினால், குரலோடு சேர்ந்து சுவரும் பாடும். ஃபேன் சத்தம், தெருவில் போகும் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் உள்ளே வந்துவிடும். லட்சங்களில் விலை போகும் நியூமன் யூ87 வைத்தாலும் இதுதான் கதை. நல்ல மைக் என்றால் அந்தச் சுவரையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

இந்த மாதிரி அறைக்கு, அந்த 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக் போதும் என்பது என் கருத்து. அந்த வகையைச் சேர்ந்த ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல். இன்றைக்கும் உலகம் முழுக்க மேடைகளில் இருக்கிறது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் அது எடுக்கும் என்று அதன் விவரத் தாளிலேயே போட்டிருப்பார்கள். மனிதக் குரலுக்கு அது தாராளம். வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதற்கென்றே செய்த மைக் என்பதால், குரலோடு ஒப்பிட அறையின் ஓசை குறைவாகவே ஏறும்.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பு! அந்த அட்டை தெருச் சத்தத்தைத் தடுக்காது. மேல் ஸ்தாயி ஓசையைக் கொஞ்சம் குடித்துவிட்டு, கீழ் ஓசையை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகிவிடும், ஆனால் எதிரொலி போகாது. அதற்குப் பதில் வீட்டில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை எடுங்கள். போடிப் பக்கத்துப் பஞ்சு அடைத்தது என்றால் இன்னும் நல்லது. அவற்றைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், மைக்குக்குப் பின்னால் வேண்டாம். பாட்டுக்குப் பயன்படுத்தும் மைக் பெரும்பாலும் தன் முகத்துக்கு எதிரே உள்ளதைத்தான் அதிகம் கேட்கும். அதன் எதிரே பாடுகிறவர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையைத்தான் மெத்தை நிறுத்த வேண்டும்.

நேரம் என்றால், என் அனுபவத்தில் மதியம் 2 முதல் 4 வரை தெரு அடங்கியிருக்கும். பின்னிரவு இன்னும் அமைதிதான், ஆனால் தொண்டை அந்த நேரத்துக்கு ஒத்துவராது.

தூரத்தைக் கண்டுகொள்ளாதது

உதட்டிலிருந்து மைக்குக்கு ஒரு சாண். இதை வைத்துத் தொடங்குங்கள். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் இறங்கும், அறை ஓசை மட்டும் அப்படியே இருக்கும். ரொம்ப ஒட்டினால் கீழ் ஓசை பெருத்துக் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல ஆகும். "பாண்டி", "பழனி" என்று ப வரும் இடங்களில் காற்று மோதினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் திருப்புங்கள்.

பாடுகிறவரைத் தனியாக அடைத்து வைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன்.

அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தோம். அழகர் வர்ணிப்பு பாடுகிறவர். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும்போது மண்டகப்படி மண்டகப்படியாக நின்று பாடிப் பழகிய குரல். அவருக்காக வெளியிலிருந்து நல்ல கண்டென்சர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். காதில் ஹெட்போன் மாட்டி, தாளத்துக்கு க்ளிக் சத்தமும் கொடுத்தேன். அவர் பாடினார். சொல் பிசகவில்லை, சுருதியும் விலகவில்லை. ஆனால் அடிக்கு அடி நிறுத்தி, எழுதியதை வாசிப்பது போலப் பாடினார். ஐந்து டேக் எடுத்தும் அப்படியேதான்.

கதவைத் திறந்து, "என்னய்யா, வசதியா இருக்கா?" என்று கேட்டேன்.

"எதுத்தாப்புல ஆளே இல்லாம யாருக்குப்பா பாடுறது?" என்றார்.

ஹெட்போனைக் கழற்றினோம். க்ளிக்கை நிறுத்தினோம். நாற்காலியை எடுத்துவிட்டு அவரை நிற்க வைத்தோம். கூட வந்திருந்த அவருடைய மச்சினரையும் பேரனையும் உள்ளே கூப்பிட்டு மைக்குக்குப் பின்னால் நிறுத்தினேன். மைக்கைத் தொடவில்லை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் தொடவில்லை. பெரியவர் மச்சினரைப் பார்த்தார், வலது கையைத் தூக்கினார், தொடங்கினார். ஒரு பத்தி முடிந்ததும் மச்சினர் தன்னை அறியாமல் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தார். அடுத்த பத்தியைப் பெரியவர் அந்தக் குரலின் மேலேயே ஏறி எடுத்தார். பதினெட்டு நிமிடம் நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் காலை மாற்றி வைத்த சத்தம் கேட்கும். அதை நான் நீக்கவே இல்லை.

அன்றைய ஐந்தாவது டேக்கும் ஆறாவது டேக்கும் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதே மைக், அதே அறை, நடுவில் இருபது நிமிட இடைவெளிதான். மைக் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் அந்த இரண்டையும்தான் போட்டுக் காட்டுகிறேன்.

அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பது

சுருதியைத் திருத்தும் மென்பொருள் இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பக்கத்தில் உள்ள சுரத்துக்குக் குரலை இழுத்து உட்கார வைக்கும் கருவி. நம் பாட்டில் சுரம் ஒரே இடத்தில் உட்காருவது கொஞ்ச நேரம்தான். தோடி ராகத்தின் காந்தார சுரம் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைப் பிழை என்று எண்ணி மென்பொருள் தட்டையாக்கிவிடும். நாட்டுப்புறப் பாட்டின் இழுப்புக்கும் இதே கதிதான். வரி வரியாகப் பாட வைத்து ஒட்டுவதிலும் ஒரு இழப்பு உண்டு. முதல் அடி முடியும் மூச்சில்தான் அடுத்த அடிக்கான வேகம் பிறக்கிறது. வெட்டினால் அது போய்விடும்.

மதுரையில் 1916இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி பத்து வயதுவாக்கிலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர். அது 78 சுற்றுத் தட்டுகளின் காலம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம், தொடங்கினால் முடிக்க வேண்டும், நடுவில் வெட்டி ஒட்ட வழி கிடையாது. கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968இல் காலமானார். அவருடைய கச்சேரி நாடாக்களில் இரைச்சல் உண்டு, மைக்கின் தரத்தையும் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அவருடைய சுருதி சுத்தமும், சர்வ லகுவாக, தாளத்தோடு இயல்பாக ஓடும் சுரங்களும் அந்த இரைச்சலைத் தாண்டி நம் முன்னால் வந்து நிற்கின்றன. நான் வாரத்தில் ஒரு நாளாவது கேட்கிறேன்.

ஆகவே மைக்கைக் கணினியோடு இணைக்கும் புது இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் தினமும் சுருதிப் பெட்டியோடு உட்காருங்கள். முழுப் பாட்டையும் நிறுத்தாமல் மூன்று தடவை பாட முடிகிற அன்றைக்குப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியத்தை மறப்பது

மைக்குக்கு முப்பதாயிரம் கொடுப்பார்கள், மிருதங்கத்துக்கு வார் பிடிக்கக் கணக்குப் பார்ப்பார்கள். பறையைக் காய்ச்சாமல் அறைக்குள் கொண்டுவந்து அடித்துவிட்டு, "சத்தம் கணீர்னு வரலையே, மைக் சரியில்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. தோல் ஈரத்தில் தொய்யும், ஏசி குளிரில் வேறு மாதிரி ஆகும். எங்கள் அறைக்கு வெளியே காலி மனை ஒன்று இருக்கிறது. அங்கே வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உள்ளே வந்து அடித்துவிடச் சொல்வேன். மைக், லெவல் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

192 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 1,92,000 தடவை அளந்து, பதிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். அளக்கும் வேகத்தில் பாதி வரையிலான ஓசை பதிவாகும் என்பதால் 44.1 கிலோஹெர்ட்ஸே அதைத் தாண்டிப் பிடித்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொண்டு பாட்டைக் கவனியுங்கள்.

கருவியே முக்கியமில்லை என்று நினைப்பது

இதையும் சொல்லியாக வேண்டும். திறமைதான் எல்லாம், போன் போதும் என்று ஒரு ஆடி மாதம் நான் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போனேன். நையாண்டி மேளம். நாதஸ்வரம், தவில், பம்பை, கூடவே உறுமி. அந்த உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எடுத்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. போனில் அது இல்லை. தவில் ஒவ்வொரு அடி விழும்போதும் போன் தானாகவே மொத்த ஒலியையும் இறக்கியது. அந்தப் பள்ளத்தில் உறுமி காணாமல் போயிற்று. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போன இடமெல்லாம் கரகரவென்று உடைந்திருந்தது. அப்படி உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டு வருடம் கழித்து அந்த உறுமிக்காரருடைய மகன் வந்து, அப்பா வாசித்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் கொடுத்தேன்.

இப்போது மேளம் பதிவுக்குப் போனால் லெவலைக் கையால் வைக்கக்கூடிய சின்ன ரெக்கார்டர் ஒன்றும் தனி மைக் ஒன்றும் கொண்டு போகிறேன், விலை அதிகமில்லாதவைதான். தொடங்குவதற்கு முன் உச்சத்தில் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, ஒலி உடையத் தொடங்கும் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே, முள் மைனஸ் 18 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைப்பேன். நிஜமாக வாசிக்கும்போது யாரும் சோதனையில் வாசித்த அளவோடு நிற்க மாட்டார்கள். கூட்டம் சேர்ந்து, சாமி வந்து ஆடத் தொடங்கினால் இன்னும் ஏறும். அதற்கு மேலே இடம் விட்டு வைக்க வேண்டும். தனி மைக்கை உறுமியின் தேய்க்கும் பக்கம், ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.