கம்பைல் செய்த கோப்புகள் கிட்டுக்குள் போகாமல் தடுப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு எடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜாவா நிரல், அதை உருவாக்கித் தரும் மேவன் என்ற கருவியில் அமைந்த திட்டம். மாற்றங்களைப் பதிந்து வைப்பது கிட் என்ற மென்பொருள். கம்பைல் செய்து (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி) தொகுத்ததும், 'டார்கெட்' ஃபோல்டரில் 8 எம்பி ஜார் கோப்பு (இயக்குவதற்கான தொகுப்பு) ஒன்று உருவாகிறது. 'கிட் ஆட் .' என்று கொடுத்தால் நிரலோடு அதுவும் உள்ளே போய்விடும்.

நிரல் வரிகளின் மாற்றங்களைக் கிட் மிகச் சிக்கனமாகச் சேமிக்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜார் போன்ற கோப்புகளில் அந்தச் சிக்கனம் அவ்வளவாகப் பலிக்காது. மாற்றிய ஜாரை 50 முறை கமிட் செய்தால் (கிட்டில் பதிந்தால்), கிட் எல்லாப் பதிப்புகளையும் சேமிக்கும் களஞ்சியம் 400 எம்பி வரைகூட வீங்கலாம். அதைக் குளோன் செய்பவருக்கு (தம் கணினிக்கு நகலெடுப்பவருக்கு) பழைய பதிப்புகள் அத்தனையும் இறங்கும். ஏற்காட்டில் சிக்னல் தேடி அலையும் உங்கள் கூட்டாளியை நினைத்துப் பாருங்கள்! இருவர் தனித்தனியே கம்பைல் செய்த ஜார்களைக் கிட்டால் இணைக்கவும் முடியாது; ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்தில்.

படி 1. திட்டத்தின் முதன்மை ஃபோல்டரில் '.கிட்இக்னோர்' என்ற கோப்பை (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) உருவாக்கி, 'டார்கெட்/' என்று ஒரே வரி எழுதிக் கமிட் செய்யுங்கள்.

படி 2. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை '.கிட்இக்னோர்' தொடாது. அதை நாமே விடுவிக்க வேண்டும்:

'கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்டு டார்கெட்'

'--கேஷ்டு' விடுபட்டால் உங்கள் கணினியில் உள்ள கோப்பும் அழிந்துவிடும். பிறகு 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். ஜார் பெயருக்கு முன்னால் 'டெலிட்டட்' என்று காட்டும். பதற வேண்டாம், ஃபோல்டரைத் திறந்தால் ஜார் அங்கேயே இருக்கும். கமிட் செய்துவிடுங்கள். இந்தக் கமிட்டை 'புல்' செய்யும் (இறக்கிக்கொள்ளும்) கூட்டாளியின் கணினியில் மட்டும் அந்த ஜார் மறையும். அவர் மறுபடி கம்பைல் செய்துகொள்ளட்டும்.

படி 3. பழைய கமிட்டுகளில் ஜார் இன்னும் கிடக்கிறது. சிறியதென்றால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; அப்படி ஒன்று சிக்கியிருந்தால் 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற தனிக் கருவியால் நீக்கலாம். அது கமிட் எண்களையே மாற்றிவிடும் என்பதால், எல்லோரும் புதிதாகக் குளோன் செய்ய வேண்டியிருக்கும்.

படி 4. கொலுசு வடிவமைப்பின் ஃபோட்டோஷாப் கோப்பும் ஜார் போலவே பைனரிதான் (வரி வரியாகப் படிக்க முடியாத கோப்பு). ஆனால் அதை எந்த நிரலிலிருந்தும் திரும்ப உருவாக்க முடியாது. ஆகவே அதைக் கட்டாயம் சேமிக்க வேண்டும். பெரிய கோப்புகளைக் களஞ்சியத்துக்கு வெளியே தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் இதற்கானது; 2015-இல் கிட்ஹப் அறிமுகப்படுத்தியது. அதை நிறுவிக்கொண்டு, கோப்பைச் சேர்ப்பதற்கு முன்பே இவற்றைக் கொடுங்கள்:

'கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்'
'கிட் எல்எஃப்எஸ் ட்ராக் "*.பிஎஸ்டி"'

இதனால் உருவாகும் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பையும் கமிட் செய்யுங்கள். இனிக் களஞ்சியத்தில் இருப்பது, படத்தின் அடையாளக் குறியீடும் அளவும் கொண்ட மூன்று வரிச் சுட்டி மட்டுமே.

படி 5. பட்டறைக்காரருக்கு ஜார் வேண்டுமே? அந்தப் பதிப்புக்கு 'கிட் டேக் வி1.0' என்று பெயரிட்டு, அந்த டேகையும் 'புஷ்' செய்து (கிட்ஹப்புக்கு அனுப்பி), கிட்ஹப்பின் ரிலீஸ் பக்கத்தில் ஜாரை இணைத்துவிடுங்கள். எந்த ஜார் எந்த நிரலிலிருந்து வந்தது என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும்.