மலையில் குறைமாதப் பிரசவம்: வலி தொடங்கியது முதல் குழந்தையோடு வீடு திரும்பும் வரை

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். என் மகன் 31ஆம் வாரத்தில், 1 கிலோ 380 கிராம் எடையுடன் பிறந்தான். எங்கள் வீடு கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிடம் நடக்க வேண்டிய தொலைவில் இருக்கிறது. மருத்துவர்கள் தரும் அறிவுரைகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளும் நள்ளிரவு மூடுபனியும் மார்கழி உறைபனியும் உள்ள ஊரில் அவற்றைக் கடைப்பிடிப்பது எப்படி என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீலகிரியில் இருக்கும் பிற தாய்மாருக்காகவும், அவர்களோடு ஆம்புலன்சில் ஏறப்போகும் கணவர், மாமியார், அம்மா ஆகியோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

வலியை எப்படி அறிவது

ஏழாம் மாதத்தில் வரும் வலியைச் ‘சூட்டு வலி’ என்று சொல்லிச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். கஷாயத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. அது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு மணி நேரம் போய்விட்டது என்பதுதான் கெடுதல். வயிறு கல்லைப் போல இறுகித் தளர்வது பத்து நிமிடத்துக்கு ஒரு முறையோ அதைவிட நெருக்கமாகவோ வந்து, நடந்தாலும் படுத்தாலும் மாறாமல் இருந்தால் அது சூட்டு வலி அன்று. விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, அடிவயிறு கீழே இழுப்பது போன்ற கனம், இரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே புறப்பட வேண்டும். பனிக்குடம் உடைந்தால் தண்ணீர் கொட்டும் என்று நினைத்திருப்போம். பலருக்கு அது சிறுநீர் போலச் சிறிது சிறிதாகவே கசியும். சுத்தமான துணி வைத்துப் பாருங்கள். சிறுநீர் வாடை இல்லாமல் துணி மீண்டும் மீண்டும் நனைந்தால், வலியே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஏனென்றால் நேரம் ஆக ஆகக் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும்.

ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லை. வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் இலாபமே. அந்தப் பேச்சை நம்பி வலியை நிறுத்தும் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

முதலில் எங்கே போவது

பதற்றத்தில் வாடகை ஜீப்பைப் பிடித்து நேராகக் கோவைக்கு இறங்குவதுதான் மலையில் பலரும் செய்யும் தவறு. ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். குன்னூருக்கும் கல்லாறுக்கும் இடையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கூடலூர்க்காரர்களுக்கு ஊட்டியே 50 கிலோமீட்டர் தொலைவு. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பாதையில் இறங்கினால் பிரசவம் பாதி வழியில் நடந்துவிடலாம். எனவே 108ஐ அழைத்து, முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே பரிசோதித்து, இறங்கலாமா அங்கேயே பிரசவம் பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள். இறங்க நேரம் இருந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்வது, பிறந்த பிறகு அந்தப் பிஞ்சை மட்டும் தனியே அனுப்புவதைவிடப் பல மடங்கு நல்லது. ஓடும் வண்டியில் தாயின் கருப்பைக்கு ஈடாக, குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் எந்தக் கண்ணாடிப் பெட்டியும் (இன்குபேட்டர்) இல்லை.

அந்த முதல் மருத்துவமனையில் நீங்கள் மறக்காமல் கேட்க வேண்டியது ஸ்டீராய்டு ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு முறை போடுவார்கள். நான்கும் முடிந்தால்தான் பயன் என்பதில்லை. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் பிறந்தாலும் ஓரளவு பயன் உண்டு. எனக்கு மலையிலேயே முதல் ஊசி போட்டார்கள். ஆனால் போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். கீழே போய் இறங்கியதும் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்டபோது, வலியில் கிடந்த எனக்கும் சொல்லத் தெரியவில்லை, கூட வந்த என் மாமியாருக்கும் தெரியவில்லை. ஊசியின் பெயரையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி, தாய் சேய் நல அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, நீங்கள் வருவதைக் கீழேயுள்ள மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்களா என்றும் கேளுங்கள். வலியைத் தள்ளிப்போட மாத்திரையும், சிலருக்குக் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பார்கள்; இந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பற்றியது போல எரிவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

வண்டியில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து குன்னூர்ப் பாதை அடைபட்டிருந்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். அதை ஓட்டுநர் அறிவார். வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால், உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் படுக்க வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். குளிப்பாட்டவே கூடாது.

முதல் பால்

பிறந்ததும் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போனார்கள். நுரையீரல் சுருங்கிவிடாமல் மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்தார்கள். மார்பில் ஒட்டிய கம்பிகள் இதயத் துடிப்பைக் காட்ட, காலில் சுற்றிய சிவப்பு விளக்கு இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டியது. கருவிகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தாயைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது பால் எடுப்பது.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் சுமார் 34ஆம் வாரத்தில்தான் வருகிறது. அதுவரை குழாய் வழியாகவும், பிறகு பாலாடை என்னும் சங்கு போன்ற சிறு கிண்ணத்தாலும் புகட்டுவார்கள். பிரசவமான முதல் ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் மணி நேரத்திலேயே, பால் பீய்ச்சத் தொடங்கிவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் விடாமல், நாளுக்கு எட்டு முறைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மார்பில் ஒத்தடம் கொடுத்த பின், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலும் ஆள்காட்டி விரலைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கி ஓடக் கூடாது. காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலி மிஞ்சுமே தவிரப் பால் வராது.

முதல் முறை அரை மணி நேரம் முயன்றும் எனக்கு எவர்சில்வர் பாலாடையின் அடியை மறைக்கும் அளவுக்குக்கூட வரவில்லை. மஞ்சளாக, நெய் போல ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கொடுக்க வெட்கப்பட்டுக் கழுவி ஊற்றப் போனேன். “ரெண்டு சொட்டா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா, கீழ ஊத்திராதீங்க” என்று சொல்லி, சிஸ்டர் அதை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துப் போனார். அந்தச் சீம்பாலை அவன் கன்னத்தின் உட்புறத்தில் தடவினார்கள். முதல் நாளில் அவனுக்குக் கொடுத்ததே வேளைக்கு இரண்டு மூன்று மில்லிதான். அவ்வளவு சிறிய வயிற்றுக்கு என் இரண்டு சொட்டும் கணக்கில் சேர்ந்தது. மூன்றாம் நாள் மாலை பால் கட்டிக்கொண்டு வந்தது. தாய் ஓரிடத்திலும் குழந்தை வேறிடத்திலும் இருந்தால், பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அனுப்பலாம். உங்களுக்குப் போதவில்லை என்றால், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு, உரை மருந்து இவற்றில் எதையும், எவ்வளவு அன்போடு யார் கொண்டு வந்தாலும், நாக்கில் தொட்டு வைக்கக்கூட விடாதீர்கள்.

மார்புச் சூடு

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறைதான், குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட மார்பில் வைத்துச் சூடு தரும் கங்காரு பராமரிப்பு. இன்று அது பெட்டி இல்லாத குறைக்குச் செய்யும் மாற்று ஏற்பாடு அன்று. குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே அதைத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. கேட்காமலே கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எப்போது மார்பில் வைக்கலாம் என்று இரண்டாம் நாளிலிருந்தே கேளுங்கள்.

குழந்தைக்குக் குல்லா, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போட்டு, உங்கள் இரு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளை உட்காருவது போலக் கைகால்களை மடக்கி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்க, கழுத்து முன்னால் மடங்காமலும் பின்னால் மல்லாந்துவிடாமலும் இருக்கட்டும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரும்படி கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்காருங்கள். ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். தந்தையும் பாட்டியும் முறை மாற்றிக்கொள்ளலாம். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலை வேலை முடித்து இரவு வந்து சேர்ந்த நாளில், நெஞ்சு முடியைப் பார்த்துக் கூச்சப்பட்டு மறுத்தார். பத்து நிமிடத்தில் இருவரும் உறங்கிவிட்டார்கள், கருவியில் இதயத் துடிப்பு சீராக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வாரத்தில் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டாம் வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதைப் பால் போதாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். சில நொடி மூச்சை நிறுத்தி மீண்டும் விடுவது இத்தகைய குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்படுவது. அதற்குக் காஃபின் மருந்து உண்டு.

மலை ஏறுதல்

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், ஊட்டி 2240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே குளிர் கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு என்பதைப் பலர் நினைப்பதில்லை. நீண்ட நாள் ஆக்சிஜன் வைத்திருந்த குழந்தையாக இருந்தால், எங்கள் வீடு இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இப்போது ஏறலாமா என்று வீட்டுக்கு அனுப்பும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சில நாள் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கச் சொன்னால் மனம் கோணாதீர்கள்.

பகலில், மூடுபனி இறங்குவதற்கு முன் வீடு சேரும்படி புறப்படுங்கள். பால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து வண்டியை எடுத்தால் வளைவுகளில் கக்காமல் இருக்கும். குழந்தையைக் கங்காரு முறையில் கட்டிக்கொண்டு பின்னிருக்கையில் உட்காருங்கள். பர்லியாரில் நிறுத்திப் பால் கொடுக்கலாம். குரங்குகள் கண்ணாடியைத் தட்டும், இறக்காதீர்கள்.

வீட்டில் குழந்தையின் அறையை 25 முதல் 28 டிகிரி வரை வைத்திருக்கச் சொல்வார்கள். உறைபனிக் காலத்தில் எங்கள் ஊரில் அது எளிதன்று. சன்னல் இடுக்கைத் துணியால் அடையுங்கள், மின் ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூடிய அறையில் கரிக் கணப்பு மட்டும் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். சாம்பிராணிப் புகையும் விறகுப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. வெந்நீர்ப் பை தோலைச் சுட்டுவிடும். குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: வயிறு சூடாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால் உடனே மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும், இரண்டுமே குளிர்ந்திருந்தால் மார்பில் கட்டியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சுக் குழி உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்குவது, வலிப்பு ஆகியவற்றுக்கும் அதே விதிதான். எண்ணெய்க் குளியலுக்கு அவசரம் இல்லை. எடை கூடும் வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

மலைக்காரர்கள் அதிகம் தவறவிடுவது கண் பரிசோதனையை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ, 1200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்வதை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை விளக்கைப் பார்த்துச் சிரித்தாலும் உள்ளே சிக்கல் இருக்கலாம். உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம், தள்ளிப்போனால் முடியாது. ஒரே தடவையில் முடிந்துவிடாமல் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று மீண்டும் வரச் சொல்லக்கூடும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வண்டியில் ஏறுங்கள். எங்களுக்குக் குறித்த நாளில் காலை ஐந்தரை மணிக்கு, புல்வெளி எல்லாம் உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்க, அவனை மார்பில் கட்டி மேலே கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.