கடிக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு சொல்லைக் கொடுங்கள்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடியில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். "இவன் ஏன் டீச்சர் எல்லாரையும் கடிக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டு ஒரு தாயாவது வராத ஆண்டில்லை. வீட்டில் தமிழும் வாசலுக்கு வெளியே மலையாளமுமாக வளரும் பிள்ளைக்கு, தேவையான நேரத்தில் தேவையான சொல் வாயில் வருவதில்லை. அந்த இடத்தில்தான் கையும் பல்லும் முந்திக்கொள்கின்றன.

ஒருமுறை மூன்று வயதுச் சிறுமி காதைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது" என்று அழுதாள். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. ஆகவே புதிதாக வந்திருந்த உதவியாளர், பக்கத்தில் இருந்த பையன் காதை இழுத்துவிட்டதாக எண்ணி அவனைக் கண்டித்தார். செய்யாத தவறுக்குத் திட்டு வாங்கிய அவன் ஆத்திரத்தில் அவளைத் தள்ளிவிட்டான். அவளுக்குக் காதுவலி என்பது மாலையில் அம்மா வந்த பிறகே தெரிந்தது. அன்றிலிருந்து, தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, பயமா இருக்கு என்று பிள்ளை வீட்டில் சொல்லும் சொற்களைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கேட்டு, மலையாள எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைக்கிறோம். உங்கள் பிள்ளையின் டீச்சருக்கும் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளை அடிக்கவோ கடிக்கவோ போகும்போது தூரத்திலிருந்து கத்துவதால் பயனில்லை. அருகில் சென்று, அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, ஓங்கிய கையை மென்மையாகப் பிடித்துக்கொண்டு, "உனக்கு அந்த வண்டி வேணும், கோபம் வந்திருச்சு. கடிச்சா வலிக்கும், கடிக்க விடமாட்டேன். 'எனக்கும் தா'ன்னு கேளு சாமி" என்று சொல்லுங்கள். அதற்குமேல் பேச வேண்டாம். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் நீண்ட அறிவுரை ஏறாது. கடிபட்ட பிள்ளையையும் உடனே கவனியுங்கள். அழுகை தணிந்த பிறகு, 'எனக்கும் தா' என்பதை விளையாட்டுபோல இரண்டு மொழியிலும் நான்கைந்து முறை சொல்லிப் பழக்குங்கள். ஒரே நாளில் மாறாது. உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபத்தைந்து வயதுவரைகூட ஆகும் என்னும்போது, மூன்று வயதுப் பிள்ளை சொன்னவுடன் அடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"ஓடாதே" என்றால் அடுத்து என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. "மெல்ல நட கண்ணு" என்றால் தெரிகிறது. விளையாட்டிலிருந்து திடீரென்று தூக்கிக்கொண்டு போகாமல், "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, இரண்டு முடிந்ததும் சொன்னபடியே கிளம்புங்கள். மூன்றாவது தடவைக்கு இரங்கினால், மறுநாள் உங்கள் 'ரெண்டு' எடுபடாது. பாராட்டும்போதும் "சமத்து" என்று மட்டும் சொல்லாமல், "தம்பிக்கு முதல்ல பந்தைக் கொடுத்தியே" என்று செய்த செயலையே எடுத்துச் சொன்னால், எதைத் திரும்பச் செய்வது என்பது பிள்ளைக்கு விளங்கும்.

பூச்சாண்டி, போலீஸ் என்று மிரட்டுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் அது ஓடிப்போய் உதவி கேட்க வேண்டிய ஆளையே கண்டு ஒளிய வைத்துவிடுகிறோம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களிடம் நான் மரியாதையோடு கேட்பது ஒன்றுதான்: அடிக்காதே என்பதை அடித்துக் கற்பிக்க முடியுமா? பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. வீட்டிலும் அதே அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

களைப்பில் நீங்களே கத்திவிட்டால், "அம்மா கத்தியிருக்கக் கூடாது, தப்பு" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அதனால் மரியாதை குறையாது.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, 'ரெண்டு மொழி கேட்பதால் குழம்புகிறது' என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. கூப்பிட்டும் திரும்பாமல், கை மட்டும் ஓங்குகிற பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்பதை மருத்துவரிடம் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.