நவராத்திரியைப் பதற்றமில்லாமல் கொண்டாட

மகாளய அமாவாசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பரண்மேல் கிடக்கும் பொம்மைப் பெட்டிகள் மனத்தை உறுத்தத் தொடங்கிவிடும். படி கட்ட வேண்டும், பட்டுத்துணி விரிக்க வேண்டும், தாம்பூலப் பைக்குச் சாமான் வாங்க வேண்டும், தினம் ஒரு சுண்டல் செய்ய வேண்டும், அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் போய் வர வேண்டும். இவற்றோடு அலுவலகமும் பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வும் சேர்ந்துகொள்ளும்போது, சரஸ்வதி பூஜை வருவதற்குள் வீட்டுப் பெண்கள் களைத்துப் போகிறார்கள். ஒன்பது நாளும் கொலுவைக் கட்டிக் காத்தவர், அதன் முன் ஒருநாளாவது நிதானமாக உட்கார்ந்தாரா என்று கேட்டால் பல வீடுகளில் இல்லை என்றுதான் பதில் வரும். கொலு என்பதே அமர்ந்து பார்ப்பதற்காக வைக்கப்படுவது. ஆகவே, மற்ற எல்லா வேலைகளையும் அந்த அமர்தலுக்கு இடம் விடுமாறு ஒழுங்கு செய்வதுதான் இங்கே சொல்லப்போகும் வழிமுறையின் சாரம்.

முதலில் நாள்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் நவராத்திரி தொடங்குகிறது என்றாலும், திதி நீளும் ஆண்டுகளில் ஒரு நாள் கூடிவிடும். 2025-இல் அப்படித்தான் செப்டம்பர் 22 அன்று தொடங்கி, அக்டோபர் 1 அன்று சரஸ்வதி பூஜையும் 2 அன்று விஜயதசமியும் வந்தன. பஞ்சாங்கத்தைப் பார்த்து, நாள்காட்டியில் அந்த மாலைகளை மூன்று வகையாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: நம் வீட்டுக்கு மற்றவர் வரும் மாலைகள், நாம் மற்றவர் வீட்டுக்குப் போகும் மாலைகள், எங்கும் போகாமல் யாரையும் அழைக்காமல் வீட்டார் மட்டும் இருக்கும் மாலைகள். மூன்றாவது வகைக்குக் குறைந்தது இரண்டு நாளாவது ஒதுக்கியாக வேண்டும். அழைக்கும்போதே, ‘வெள்ளியும் ஞாயிறும் மாலை ஆறரை முதல் எட்டரை வரை வீட்டில் இருப்போம், அவசியம் வாருங்கள்’ என்று நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்’ என்று சொல்வது அன்பாகத் தோன்றினாலும், ஒன்பது மாலையும் வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும் நிலைக்கு அதுவே நம்மைத் தள்ளுகிறது.

படிகளின் எண்ணிக்கையில் போட்டி வேண்டாம். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமைப்பது வழக்கம். மூன்று படி வைத்தாலும் கொலு கொலுதான். மரப்பாச்சி ஜோடியும் கலசமும் பரம்பரையாக வந்த நான்கைந்து மண் பொம்மைகளும் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் குடும்பம் குடும்பமாகப் பொம்மை செய்பவர்களுக்கு இந்தப் பருவத்து விற்பனைதான் பெரிய ஆதாரம். ஆனால் அந்த ஒன்றை அவசரமாகக் கடைசி நாளில் வாங்காமல், ஆவணியிலேயே குழந்தைகளைக் கூட்டிச் சென்று அவர்கள் கையால் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விளக்கேற்றிய பின் அரைமணி நேரம்

இதுதான் முக்கியமானது, இதற்காகத்தான் மற்றதெல்லாம். குத்துவிளக்கின் திரியைத் திருத்தி, நல்லெண்ணெய் விட்டு ஏற்றிய பிறகு, விருந்தினர் வருவதற்கு முன் அரைமணி நேரம் வீட்டார் அனைவரும் கொலுவின் முன் பாய் விரித்து உட்கார வேண்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், மின்மினுக்கும் தொடர்விளக்குகளையும் அந்த அரைமணிக்கு மட்டும் நிறுத்திவிட்டால், விளக்கொளியில் பொம்மைகளின் முகங்கள் தனித்துத் தெரியத் தொடங்கும். செட்டியார் பொம்மையின் கடையில் குவித்து வைத்த அரிசியும், பல ஆண்டுகளாக மூக்கில் வண்ணம் உதிர்ந்த கிருஷ்ணனும், பாட்டி கட்டிவிட்ட சரிகைத் துண்டு இன்னும் கலையாத மரப்பாச்சியும் அப்போதுதான் கண்ணில் படும். வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்புகிறவர்கள், விருந்தினர் சென்ற பிறகு ஒன்பது மணிக்கு இப்படி அமரலாம். இது இரவுகளுக்கான விழா, ஆகவே நேரம் தாழ்ந்ததாகக் கருத வேண்டியதில்லை.

வெறுமனே உட்கார்ந்தால் குழந்தைகளுக்குச் சலிப்புத் தட்டும். அவர்களுக்கு நாளுக்கு ஒரு படியைப் பற்றிச் சொல்லுங்கள். மரபுப்படி அமைந்த ஒன்பது படிக் கொலுவில் கீழிருந்து மேலாக உயிர்கள் ஏறிச் செல்கின்றன: முதல் படியில் புல்லும் செடியும், இரண்டாவதில் நத்தையும் சங்கும், மூன்றாவதில் எறும்பும் கரையானும், நான்காவதில் நண்டும் வண்டும், ஐந்தாவதில் விலங்கும் பறவையும், ஆறாவதில் மனிதர்கள், அதற்கு மேல் முனிவர்கள், தேவர்கள், உச்சியில் தெய்வங்களும் கலசமும். ஓரறிவு உயிரிலிருந்து ஆறறிவு மனிதன்வரை தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்த வரிசை ஏறக்குறைய அப்படியே நம் கூடத்தில் படிகளாக நிற்கிறது. ‘எறும்புக்கு என்னென்ன தெரியும்?’ என்று ஒரு குழந்தையிடம் கேட்டுவிட்டு அதன் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது. படிகள் குறைவாக இருக்கும் வீடுகளில் ஒரே படியில் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துவைத்துக்கொள்ளலாம்.

பாட விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. குமரகுருபரர் இயற்றிய சகலகலாவல்லி மாலையில் பத்துப் பாடல்கள் இருக்கின்றன. இரவுக்கு ஒன்றாகப் பாடி, பத்தாவதை விஜயதசமி காலையில் பாடினால், எந்த அவசரமுமின்றி முழு நூலும் வீட்டில் ஒலித்து முடிந்திருக்கும். ஒவ்வொரு பாடலுக்கும் பொருள் சொல்ல வீட்டில் ஒருவர் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளட்டும். அது தாத்தாவாகவும் இருக்கலாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளாகவும் இருக்கலாம்.

அடுக்களையும் தாம்பூலமும்

சுண்டலில் திட்டமிட்டால் உழைப்புப் பாதியாகக் குறையும். கொண்டைக்கடலை, மொச்சை, காய்ந்த பட்டாணி போன்றவை இரவு முழுவதும் ஊற வேண்டியவை. பயத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் சிறிது நேரம் ஊறினாலே போதும். அலுவலகம் போகும் நாள்களுக்குப் பருப்புச் சுண்டலையும், விடுமுறை நாள்களுக்குக் கடலை வகைகளையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புச் சேர்த்துக் குக்கரில் வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மாலையில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய மாங்காயும் போட்டுப் புரட்டுவது பத்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமை புட்டு, சனிக்கிழமை எள்ளுருண்டை என்று கிழமைக்கு ஒன்று வைத்திருக்கும் வீடுகள் அந்த முறையையே பின்பற்றலாம். இன்று என்ன செய்வது என்ற கவலையே எழாது. ஊறப்போடும் பொறுப்பையும் தேங்காய் துருவும் வேலையையும் வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அம்பாளைக் கொண்டாடும் ஒன்பது நாளில் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் அடுப்படியில் நின்று கால் வீங்கிப் போவதை எந்தச் சம்பிரதாயமும் கேட்கவில்லை.

தாம்பூலத்தோடு கொடுக்கும் பரிசுப் பொருள்கள் சில ஆண்டுகளாக அளவு மீறிப் போய்விட்டன. பிளாஸ்டிக் டப்பாவும் சிறு தட்டும் வீடு வீடாகச் சுற்றி, அடுத்த ஆண்டு வேறொருவர் கையில் போய்ச் சேருகின்றன. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ, ஒரு பழம் ஆகியவை போதும் என்று இந்த ஆண்டு துணிந்து முடிவெடுங்கள். அதில் மிச்சமாகும் பணமும் அலைச்சலும் கொஞ்சநஞ்சமல்ல. வந்தவரை உட்கார வைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு, சுண்டலைக் கிண்ணத்தில் கொடுத்து அங்கேயே சாப்பிடச் சொல்வதுதான் அவருக்கு நாம் தரும் மரியாதை.

யாரை அழைக்கிறோம் என்பதிலும் மனம் வைக்க வேண்டும். கணவனை இழந்த பெண்களை மஞ்சள் குங்குமத்துக்கு அழைக்காமல் விடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. அதை நிறுத்துவதற்கு இந்த விழாவைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது. தேவியை எல்லாப் பெண்களிலும் காண்பதாகச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அக்காவை மட்டும் வாசலோடு நிறுத்துவது எப்படிப் பொருந்தும்? அவருக்கும் அதே தாம்பூலத்தை அதே தட்டில் வைத்துக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை வேலை நேரத்தில் கையில் ஒரு பையைத் திணித்து அனுப்பாமல், ஒரு மாலை குழந்தைகளோடு விருந்தினராக வரச் சொல்லி, மற்றவர்கள் அமரும் அதே பாயில் அமர வையுங்கள்.

சரஸ்வதி பூஜையில் ஓய்வு

இந்த விழாவே நமக்கு ஓய்வு நாள் ஒன்றை வகுத்துத் தந்திருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களையும் கருவிகளையும் பூஜையில் வைத்துவிட்டு, விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்து எடுக்கும்வரை படிப்பதும் எழுதுவதும் இல்லை என்பது வழக்கம். தச்சர் உளியையும், தையற்காரர் கத்தரியையும், ஓட்டுநர் வண்டிச் சாவியையும் வைத்துக் கும்பிடுவார்கள். இன்று நம்மில் பலருக்குக் கருவி என்பது மடிக்கணினியும் கைபேசியும்தான். அவற்றுக்குச் சந்தனப் பொட்டிட்டுப் படம் எடுத்த மறு நிமிடமே மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். இந்த ஆண்டு அவற்றை அணைத்துப் பூஜையில் வைத்துவிட்டு, மறுநாள் காலைவரை உண்மையாகவே தொடாமல் இருந்து பாருங்கள். அவசரத்துக்கு வீட்டில் ஒரு கைபேசி மட்டும் வெளியே இருக்கட்டும்; தொலைவில் இருக்கும் பெற்றோருக்கும் அலுவலகத்துக்கும் அதை முன்னாலேயே தெரிவித்துவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். அன்று பிற்பகல் ஒரு தூக்கம் போடலாம், வாழைக்கன்று கட்டிய தெருவில் நடந்துவிட்டு வரலாம், வேலைப் பரபரப்பில் பேசாமல் விட்டதை வீட்டாரோடு பேசலாம். மறுநாள் முதலில் கையில் எடுப்பது கைபேசியாக இல்லாமல் புத்தகமாக இருக்கட்டும். ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படித்த பிறகு மற்றவற்றைத் தொடலாம்.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, மரப்பாச்சியையோ வேறொரு பொம்மையையோ படுக்க வைத்துவிட்டால் கொலு நிறைவுறும். பொம்மைகளை அன்றிரவே அடுக்கிவிட அவசரப்படாதீர்கள்; அடுத்து வரும் விடுமுறை நாள்வரை அவை படியிலேயே இருந்தால் குறையொன்றுமில்லை. எடுத்து வைக்கும்முன் ஒவ்வொரு படியையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு அடுக்குவது எளிது. மண் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, கனமானதை அடியிலும் மெல்லிய கை கால் உள்ளவற்றை மேலேயும் வைத்து, பெட்டியின்மேல் உள்ளே இருப்பவற்றின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கலசத்து நீரை வீடெங்கும் தெளித்து, அதன்மேல் இருந்த தேங்காயைக் கெட்டுப்போகாமல் இருந்தால் அன்றே பாயசத்துக்குப் பயன்படுத்திவிடலாம்.