ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லையா? ஒரு கணக்கு போட்டுப் பாத்துடுங்க

நல்லாத்தானே இருக்கோம், அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போடுறவங்களுக்குத்தான் இது. ஆஸ்பத்திரி செலவுன்னா பில் மட்டும்தான்னு நினைக்கிறோம், ஆனா அட்மிட் ஆனவர் சம்பளம் நிக்கும், கூட இருந்து பாத்துக்கிறவங்க லீவு போடணும், டிஸ்சார்ஜ் ஆனப்புறமும் மாத்திரை, ஸ்கேன், செக்கப்னு மாசக்கணக்குல இழுக்கும். குடும்பச் செலவுல 10 சதவீதத்துக்கு மேல வைத்தியத்துக்கே கைக்காசு போனா அதை பேரிழப்புச் செலவுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குல வச்சிருந்துச்சு, அதும்படி 2019-லயே 100 கோடி பேருக்கு மேல இந்த நிலைமையில இருந்திருக்காங்க!

பில்லை விட மோசம் அதுக்கு வாங்குற கடன்தான். கிரெடிட் கார்டுல தேச்சுட்டு மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா வட்டிக்கு வட்டி ஏறிட்டே போகும்.

வியாதி வந்தப்புறம் பாலிசி எடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பல பாலிசில ஏற்கனவே இருக்குற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் உண்டு, அதாவது கொஞ்ச காலம் வரைக்கும் அந்த நோய்க்கு பணம் கிடைக்காது, மறைச்சு எடுத்தா கிளெய்ம் ரிஜெக்ட் ஆகலாம். ஆபீஸ் கவர் இருக்குன்னு தைரியமா இருக்கறவங்க (நானும் அப்படித்தான் இருந்தேன்) வேலையை விட்டா அது என்ன ஆகும்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இப்போதைக்கு பிரீமியம் கட்ட வசதி இல்லையா, தனி அக்கவுண்ட்ல மாசாமாசம் கொஞ்சம் போட்டு வைங்க. பில் வந்துடுச்சுன்னா உடனே கார்டை நீட்டாம ஐட்டம் வாரியா பில் கேளுங்க, டபுளா ஏறியிருக்கான்னு பாருங்க, வட்டியில்லாத தவணை உண்டான்னும் கேளுங்க, கேக்கறதுல வெக்கமே வேண்டாம்.